கீழ்க் கடைவாய்ப் பல் பாதி விண்டுபோய்விட்டது: கேப் போடுவதா, பிடுங்குவதா?

வேதாளைத் தங்கச்சி | பிப்ரவரி 9, இரவு 9.40

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். என் காக்காவுக்காக, அதாவது அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 34. சங்கு குளிக்க, அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கப் போகிறவர்.

போன நவம்பரில் கீழ் வரிசை இடது கடைவாய்ப் பல்லுக்கு ராம்நாட்டில் ஒரு கிளினிக்கில் வேர் சிகிச்சை செய்தோம். மூன்று தடவை பஸ் ஏறிப் போய் வந்தோம். கடைசி நாளில் டாக்டர், "மேலே கேப், அதாவது பல்லுக்கு உறை, போட்டால்தான் வேலை முடிந்தது, தள்ளிப் போடாதீர்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார். வலி நின்றுவிட்டது. அந்த மாதம் கடலும் சரியில்லை, கையில் காசும் இல்லை. அப்படியே விட்டுவிட்டோம். தப்பு எங்கள் பக்கம்தான்.

போன வெள்ளிக்கிழமை நண்டுக் காலைக் கடித்தபோது, அடைத்திருந்த சிமெண்டும் நாக்குப் பக்கத்துப் பல் சுவரும் சேர்ந்து விண்டு கையோடு வந்துவிட்டது. வலி கொஞ்சமும் இல்லை. முனை நாக்கை அறுக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது டாக்டர், "எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம், வேர் நன்றாக இருந்தால் போஸ்ட் என்னும் சிறு கம்பியை வேருக்குள் வைத்துக் கட்டி, மேலே கேப் போடலாம்" என்கிறார். மெட்டல் செராமிக் என்றால் எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய், சிர்கோனியா என்றால் 13,000. பிடுங்குவதற்கு 600. வாப்பா, "செத்த பல்லுக்கு எதற்கு இவ்வளவு செலவு, பிடுங்கிப் போட்டுவிட்டு வா" என்கிறார். உம்மாவுக்கும் அதே எண்ணம்தான். காக்கா வாயே திறக்கவில்லை.

இன்னொரு விஷயம். இந்தப் பல் முதன்முதலில் வலித்தது கடலுக்குள் இறங்கும்போதுதான். நாலு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) போனதும் சுருக்கென்று குத்துமாம், மேலே வந்தால் நின்றுவிடுமாம். காது வலி என்று நினைத்து இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். கேப் போட்ட பிறகு மறுபடி அப்படி வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் பாலத்தடி | பிப்ரவரி 9, இரவு 10.15

தங்கச்சி, பிடுங்கியவன் சொல்கிறேன், பிடுங்க விடாதீர்கள்.

நான் விசைப்படகில் போகிறவன். 2013ல் எனக்கும் இதே கீழ்க் கடைவாய்ப் பல். கடலுக்குப் போகிற நாள் போக மிச்ச நாளில் டாக்டரிடம் நாலு தடவை அலைய முடியாது என்று ஒரே நாளில் பிடுங்கிவிட்டு வந்தேன். காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. நிம்மதியாகத்தான் இருந்தேன். நாலைந்து வருஷம் கழித்துப் பார்த்தால் பின்னால் இருந்த பல் காலி இடத்துக்குள் சாய்ந்து படுத்துவிட்டது. மேல் வரிசைப் பல்லுக்குக் கீழே முட்டுக் கொடுக்க எதுவும் இல்லாததால் அது இறங்கி வந்துவிட்டது. சாய்ந்த பல்லுக்கு அடியில் மீன் நார் போய் மாட்டும், குச்சி விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தச் சந்திலேயே சொத்தை விழுந்து இப்போது அந்தப் பல்லும் போகப் போகிறது. சரி, காலி இடத்தில் பல் கட்டலாம் என்று போனால், "மேல் பல் இறங்கிவிட்டது, வைக்க உயரம் இல்லை" என்றார்கள்.

அன்றைக்கு ஒரு பல்லில் மிச்சம் பிடித்த காசு மூன்று பல்லில் போகிறது. 12 வருஷமாக வலது பக்கம் மட்டும்தான் மெல்லுகிறேன்.

மூக்கையூர் கரை | பிப்ரவரி 10, காலை 6.20

எதிர்ப்பக்கமும் ஒருவர் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு 2018ல் வேர் சிகிச்சை, கேப் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் ஆனது. நாலாவது வருஷம் வாயில் ஒரு கெட்ட வாடை. கேப்பைக் கழற்றினால் உள்ளே பல், தண்ணீரில் ஊறிய பனங்கட்டை மாதிரி கறுத்துப்போய், சுரண்டினால் உதிர்கிறது. கடைசியில் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. ஏழாயிரமும் போய், பிடுங்கவும் காசு.

நன்றாக இருக்கிற ஓரத்தையும் சுற்றி அரைத்துச் சின்னதாக்கித்தான் கேப்பை மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. சங்கு குளிப்பவர் வீட்டில் 8,500 சின்னக் காசா? அந்தப் பல் எத்தனை வருஷம் தாங்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு போடுங்கள்.

பரமக்குடி பல் மருத்துவர் | பிப்ரவரி 10, மதியம் 2.05

தங்கச்சி, வாயைப் பார்க்காமல் இதைச் செய், அதைச் செய் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லலாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்தச் "செத்த பல்". வேர் சிகிச்சையில் நாங்கள் எடுப்பது பல்லின் நடுவே ஓடும் நரம்பையும் ரத்தக் குழாயையும். வேரை எலும்போடு சுற்றிக் கட்டி வைத்திருக்கும் நார்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அதனால்தான் அந்தப் பல்லால் கடித்தாலும் கடிப்பது கல்லா, சோறா என்று தெரிகிறது. வாப்பாவிடம் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ஏன் உடைந்தது? நரம்பை எடுத்ததால் பல் காய்ந்து நொறுங்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். முக்கியக் காரணம் அதில்லை. 1989ல் வெளிவந்த ஒரு ஆய்வில் பல்லின் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். வேர் சிகிச்சைக்காக நடுவில் துளை போட்டதால் குறைந்தது 5 சதவீதம்தான். முன் பல்லையும் பின் பல்லையும் தொட்டு நிற்கும் இரண்டு விளிம்பும் போகும்படி குழி எடுத்தபோது 63 சதவீதம் குறைந்தது. பனையோலைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் ஓலை போனாலும் பெட்டி நிற்கும். வாயைச் சுற்றியுள்ள கட்டு அறுந்தால் நாலு பக்கமும் விரிந்துவிடும். சொத்தை பெரும்பாலும் தின்றுவிடுவது அந்த வாய்க்கட்டைத்தான். கேப் என்பது அந்தக் கட்டை வெளியிலிருந்து திரும்பப் போடுவது.

தாங்குமா என்பதற்கு முக்கிய அளவுகோல், ஈறுக்கு மேலே எவ்வளவு சொந்தப் பல் மிச்சம் இருக்கிறது என்பது. உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் போடுகிறோம் அல்லவா? பூண் கட்டையை இறுகப் பிடித்தால்தான் உலக்கை பிளக்காது. கேப்பும் அப்படித்தான். அதன் ஓரம் சிமெண்டையோ போஸ்டையோ பிடித்துக்கொண்டு நின்றால் போதாது. சொந்தப் பல்லைச் சுற்றிலும் 2 மி.மீ. உயரத்துக்காவது கவ்வ வேண்டும். எங்கள் பாடத்தில் இதற்கு ஃபெரூல் என்று பெயர். அந்தச் சொல்லுக்கே பூண் என்றுதான் பொருள். அந்த 2 மி.மீ. இல்லாத பல்லில் எவ்வளவு விலைக்குக் கேப் போட்டாலும் ஒருநாள் போஸ்டோடு கழன்று வரும், அல்லது வேர் பிளக்கும்.

போஸ்ட் வைத்தால் பல்லுக்குப் பலம் வரும் என்று நினைக்காதீர்கள். மேலே கட்டுவதற்கு அது ஒரு பிடிமானம், அவ்வளவுதான். அதற்காக வேரைக் குடைய வேண்டியிருப்பதால், தேவை இல்லாத இடத்தில் வைக்காமல் விடுவதே நல்லது. கடைவாய்ப் பல்லில் நரம்பு இருந்த அறையே பல சமயம் பிடிமானத்துக்குப் போதும். "போஸ்ட் கட்டாயம் வேண்டுமா?" என்று கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உடைந்த இடம் ஈறுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால், ஈறையும் தேவைப்பட்டால் எலும்பையும் சிறிது குறைத்துப் பல்லை வெளியே தெரிய வைக்கலாம். வேர் வரை பிளந்திருந்தால் நானும் பிடுங்கத்தான் சொல்வேன். வேரில் ஓடும் மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் பழைய சிமெண்டை எல்லாம் எடுத்துவிட்டு, சாயம் வைத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

அவசரம் ஒன்று உண்டு. வேருக்குள் அடைத்திருப்பது கட்டா பெர்ச்சா என்னும் மரப்பால் பிசின். 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது தண்ணீர் புகாமல் சுற்றியதும் இதே பொருள்தான். ஆனாலும் மேலே திறந்து கிடந்து எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் கிருமி இறங்கிவிடும், முழு வேர் சிகிச்சையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். உடைந்து சில நாள்தான் ஆகிறது என்பதால் இந்த வாரமே போய்த் தற்காலிகமாகவாவது மூடிவிடுங்கள்.

மூக்கையூர் அண்ணனுக்கு: உங்கள் அப்பாவுக்கு நடந்தது நடக்கக்கூடியதுதான். கேப் சொத்தையாகாது, அதன் ஓரத்தில் இருக்கும் பல் சொத்தையாகும். கேப்பின் ஓரம் சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கலாம், ஈறோரம் துலக்காமல் விட்டிருக்கலாம். நரம்பு இல்லாத பல் என்பதால் வலித்து எச்சரிக்காது, வாடை வந்த பிறகுதான் தெரியும். அதற்காகத்தான் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். எத்தனை வருஷம் என்று எந்த மருத்துவராலும் எழுதித் தர முடியாது. "சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் பல் இருக்கிறது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியும்.

வேதாளைத் தங்கச்சி | பிப்ரவரி 10, இரவு 8.50

டாக்டரம்மா, ரொம்ப நன்றி. வாப்பாவிடம் படித்துக் காட்டினேன். உலக்கைப் பூண் என்றதும் தலையை ஆட்டினார். "அந்த ரெண்டு மில்லி இருக்கா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் காசைக் கொட்டாதீர்கள்" என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை போகிறோம்.

உம்மம்மா இன்னொன்று கேட்கச் சொன்னார். அவருடைய அண்ணன் மலேயாவிலிருந்து வந்தபோது தங்கப் பல் போட்டிருந்தாராம், மௌத்தாகும் வரை அசையவில்லையாம். தங்கத்தில் போட்டால் என்ன? ஆண்கள் தங்கம் அணியக் கூடாதே, பல்லுக்கு ஆகுமா?

தொண்டி லேப் தம்பி | பிப்ரவரி 10, இரவு 11.30

அக்கா, நான் மதுரையில் பல் லேபில் 11 வருஷமாக வேலை செய்கிறேன். டாக்டர்கள் எடுக்கும் அளவை வைத்துக் கேப் செய்து அனுப்புவது எங்கள் வேலை.

உம்மம்மா சொன்னது சரி. தங்கக் கலவை மாதிரி பல்லுக்கு இணக்கமான உலோகம் கிடையாது. மெல்லிசாக அடிக்கலாம், ஓரம் அச்சாகப் பொருந்தும், எதிர்ப் பல்லையும் தேய்க்காது. ஆனால் இன்றைய தங்க விலையில் எங்கள் லேபுக்குத் தங்கம் வந்தே பல வருஷம் ஆகிறது.

மற்றவை மூன்று. முழு உலோகம்: நிறம் வெள்ளி மாதிரி இருக்கும், ஆனால் பல்லை அரைப்பது இதற்குத்தான் மிகக் குறைவு, விலையும் குறைவு, உடையவே உடையாது. மெட்டல் செராமிக்: உள்ளே உலோகம், மேலே பீங்கான். இதற்கான காப்புரிமை 1962லேயே வந்துவிட்டது, அத்தனை பழைய, தேர்ந்த முறை. உலோகத்துக்கும் பீங்கானுக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்பதால் பல்லை அதிகம் அரைக்க வேண்டும். நண்டு, பாக்கு கடிப்பவர்களுக்குப் பீங்கான் தெறித்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது சிர்கோனியா, உலோகம் இல்லாத வெள்ளைப் பீங்கான் வகை. இது நம் கடற்கரைச் சமாச்சாரம்தான். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டோடு பிரித்தெடுக்கிறார்களே சிர்கான், அந்தத் தாதுவிலிருந்து வருவதுதான் சிர்கோனியா. வில்லை சுண்ணாம்புக் கட்டி மாதிரி மென்மையாக வரும். அதில் கேப்பை 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைந்து, 1,500 டிகிரி சூட்டில் உலையில் வைப்போம். சரியான அளவுக்குச் சுருங்கி இறுகிவிடும். அந்த நிமிஷம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். உலையைத் திறந்தால் சுண்ணாம்பாகப் போனது பல்லாக வந்திருக்கும்.

அக்கா, பொருளைவிட ஓரம்தான் முக்கியம். எங்களுக்கு வரும் அளவுகளில் பல்லின் ஓரக்கோடு எச்சிலிலும் ரத்தத்திலும் மங்கிப்போய் வருவது உண்டு. நல்ல லேப் என்றால் திருப்பி அனுப்பிவிடும். உத்தேசமாக ஓரம் வரைந்து செய்து அனுப்புகிற இடமும் இருக்கிறது. மூக்கையூர் அண்ணனின் அப்பாவுக்கு நடந்தது அதனாலும் இருக்கலாம். ஒட்டுவதற்கு முன்னால் மாட்டிப் பார்த்து, ஓரத்தில் ஊசி இடறுகிறதா என்று டாக்டர் தடவிப் பார்ப்பார். அந்த நேரம் அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம், சிர்கோனியாவோடு வரும் வாரண்டி கார்டு கேப்புக்குத்தான். உள்ளே இருக்கும் பல்லுக்கு இல்லை.

ஏர்வாடி வாசகன் | பிப்ரவரி 11, காலை 5.50

தங்கம் பற்றிக் கேட்ட சகோதரிக்கு. அர்ஃபஜா என்ற தோழர் போரில் மூக்கை இழந்து வெள்ளியில் மூக்கு வைத்துக்கொண்டார். அது வாடை எடுத்ததால் தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபி அவர்கள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. அதை வைத்து, தேவைக்காகப் பல்லுக்குத் தங்கம் ஆகும் என்று மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டிய கேப்பை ஒளுவுக்காக, அதாவது தொழுகைக்கு முன் கை, கால், வாய் கழுவுவதற்காகக் கழற்ற வேண்டியதும் இல்லை. மேற்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியபட்டினம் பழைய குளியாள் | பிப்ரவரி 11, மாலை 4.10

நான் சொல்லச் சொல்ல என் பேரன் எழுதுகிறான்.

பிள்ளை, உன் காக்கா சொன்ன வலி எனக்குத் தெரியும். 22 வருஷம் சங்கு குளித்தேன். கீழ்ப் பல்லில் சொத்தை அடைத்த மறு வாரமே இறங்கிவிட்டேன். போகும்போது ஒன்றும் இல்லை. ஆறு பாகத்திலிருந்து ஏறி வரும்போது பாதியில் பல்லுக்குள் யாரோ உளி வைத்துத் தட்டியது போல ஒரு வலி. வாய்க்குள் ஏதோ நறுக்கென்றது. மேலே வந்து துப்பினால் அடைத்த சிமெண்டு அப்படியே கட்டியாக விழுந்தது. வலியில் வலைப்பை கை நழுவி, அன்றைக்கு எடுத்த சங்கு எல்லாம் கீழே போய்விட்டது.

டாக்டரிடம் நான் என்ன தொழில் செய்கிறேன் என்று சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை. நீ போய் முதலில் அதைச் சொல்லு.

பரமக்குடி பல் மருத்துவர் | பிப்ரவரி 11, இரவு 9.25

ஐயா சொன்னதை உங்கள் காக்கா மட்டும் இல்லை, இந்தக் கரையில் குளிக்கப் போகும் எல்லோரும் படிக்க வேண்டும். வேர் சிகிச்சை பற்றியே எழுதிக்கொண்டிருந்ததில் அவருடைய தொழிலை நானும் முந்தைய பதிவில் விட்டுவிட்டேன்.

10 மீட்டர் ஆழம், உங்கள் கணக்கில் ஏறத்தாழ ஐந்தரை பாகம். அங்கே உடம்பின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதே காற்றுக் குமிழ் அங்கே பாதியாகச் சுருங்கும், மேலே வரும்போது மறுபடி விரியும். 1662லேயே ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி சொன்ன விதி. சிமெண்டுக்கு அடியில் அகப்பட்ட துளிக் காற்றும் இதைத்தான் செய்கிறது. இறங்கும்போது உள்ளே இழுக்கும், ஏறும்போது வெளியே தள்ளும். ஐயாவின் சிமெண்டை அதுதான் தள்ளியிருக்க வேண்டும்.

உங்கள் காக்காவுக்கு இறங்கும்போது குத்தியது, சொத்தை நரம்பைக் கெடுத்துவிட்டதன் அறிகுறி என்று நினைக்கிறேன். மேல் கடைவாய்ப் பல்லாக இருந்தால் கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அடைப்பாலும் அப்படி வலிக்கும். சளி பிடித்த நாளில் இறங்கினால் தெரியும். இவருக்குக் கீழ்ப் பல் என்பதால் அதை விட்டுவிடலாம். வேர் சிகிச்சை ஒழுங்காக முடிந்து, இடைவெளி இல்லாமல் அடைத்திருந்தால் அந்தப் பல் நீருக்குள் வலிக்கக் காரணம் இல்லை.

இனி கேப்புக்கு வருகிறேன். 1999ல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிடுங்கிய பற்களில் கேப் ஒட்டி, மூழ்குபவர்களுக்கு ஏற்படுவது போல அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். துத்தநாகப் பாஸ்பேட் சிமெண்டும் கிளாஸ் அயனோமர் சிமெண்டும் பிடியை இழந்தன. ரெசின் சிமெண்டு இழக்கவில்லை. நம் பக்கம் பெரும்பாலான கேப்புகள் கிளாஸ் அயனோமரில்தான் ஒட்டப்படுகின்றன. கரையில் இருப்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும். தினம் பத்து இருபது தடவை இறங்கி ஏறுபவருக்கு ரெசின் சிமெண்டு கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும்.

இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தற்காலிக அடைப்போ தற்காலிகக் கேப்போ வாயில் இருக்கும் நாட்களில் அவர் கடலுக்குள் இறங்கக் கூடாது. மூச்சடக்கி மேலே வந்ததும் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவார்கள். அந்த நொடியில் கழன்ற கேப் மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வலி கூட இரண்டாம் பட்சம், எனக்கு இந்தப் பயம்தான் பெரிது.

கீழக்கரை லாத்தா | பிப்ரவரி 12, காலை 10.40

தங்கச்சி, நான் பட்டதைச் சொல்கிறேன். எனக்குக் கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மெட்டல் செராமிக் போட்ட ஒரு மாதத்தில் அந்தப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கிவிட்டது. உள்ளே இருந்தது நிக்கல் கலந்த உலோகம். கழற்றிவிட்டுச் சிர்கோனியா போட்ட பிறகுதான் அடங்கியது, இரண்டு செலவு. காக்காவுக்கு வாட்ச் பின்பக்கம், பெல்ட் பக்கிள் பட்ட இடத்தில் அரிப்பு வருமா என்று கேளுங்கள்.

அப்புறம், தற்காலிகக் கேப் இருக்கும்போது நம் ஊர்த் தொதல் என்னும் ஒட்டும் இனிப்பைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். எனக்கு ஒரு துண்டுத் தொதலோடு கேப் வந்துவிட்டது.

வேதாளைத் தங்கச்சி | பிப்ரவரி 12, இரவு 9.15

போய் வந்துவிட்டோம். வாசலிலேயே, "டாக்டர், இவர் சங்கு குளிப்பவர்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை பாகம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று காக்காவிடம் விவரமாகக் கேட்டார். காக்கா இவ்வளவு பேசி நான் கிளினிக்கில் பார்த்ததே இல்லை.

மிச்சம் இருந்த சிமெண்டை எல்லாம் எடுத்து, நீலச் சாயம் தடவிக் கண்ணாடியில் பார்த்தார். பிளவு இல்லை. கன்னத்துப் பக்கம் 4 மி.மீ., முன்னும் பின்னும் 3. நாக்குப் பக்கம் ஒரு மூலையில் மட்டும் ஒரு மி.மீ. கூட இல்லை. அந்த மூலையில் ஈறைக் கொஞ்சம் குறைத்தால் பூண் கிடைக்கும் என்றார். ஆமாம், பூண் என்ற சொல்லை நான்தான் அங்கே சொன்னேன்! போஸ்ட் தேவையில்லை, உள் அறையிலேயே பிடிக்க வைத்துக் கட்டிவிடலாம் என்றார். அன்றைக்கே அடைத்தும் விட்டார்.

என்ன கேப் என்று கேட்டபோது காக்காவே சொன்னார்: "முழு உலோகம் போடுங்கள். கடைசிப் பல் யார் கண்ணுக்கும் தெரியாது, இருக்கிற பல்லை அதிகம் அரைக்க வேண்டாம்." நிக்கல் இல்லாத கோபால்ட் குரோம். ஈறு வேலை, ரெசின் சிமெண்டு எல்லாம் சேர்த்து 7,200. இரண்டு தவணையில் கொடுக்கலாம் என்றார். நோன்பு வரப்போவதால் அதற்கு முன்னால் ஈறு வேலையை முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நோன்பு மாதத்தில் காக்கா கடலுக்குப் போவதில்லை, ஆறவும் நேரம் கிடைக்கும்.

மூக்கையூர் கரை | பிப்ரவரி 13, காலை 7.00

தங்கச்சி, நல்லது. அளந்து சொன்னார் பாருங்கள், அதுதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அன்றைக்கு யாரும் எதையும் அளக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் ஒன்று. 7,200 கூட முடியாத வீடுகள் இந்தக் கரையில் நிறைய. அவர்கள் எங்கே போவது?

பரமக்குடி பல் மருத்துவர் | பிப்ரவரி 13, மதியம் 1.30

அண்ணே, முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். அங்கே என்னென்ன செய்கிறார்கள் என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டிப் பக்கத்து ஆட்களுக்குப் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி அதிகத் தூரம் இல்லை, 2023ல் திறந்தது. கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், பல தடவை போக வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஒருவர் சரிபார்த்துத்தான் அடுத்ததுக்கு விடுவார்.

சந்தையிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் உட்கார்ந்து பல் கட்டுபவரிடம் மட்டும் போகாதீர்கள். பக்கத்துப் பற்களோடு பசையை ஊற்றி ஒட்டிவிடுவார்கள். அடியில் ஈறு அழுகி, நல்ல பல்லும் ஆடிப்போய் என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

பாம்பன் பாலத்தடி | பிப்ரவரி 13, இரவு 8.00

விசைப்படகுக்காரர்களுக்கு நான் ஒரு யோசனை சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் சும்மா இருக்கிறோம். பல் வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். நானும் அந்தச் சாய்ந்த பல்லைக் காட்ட ஏப்ரல் மூன்றாவது வாரத்துக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

வேதாளைத் தங்கச்சி | ஏப்ரல் 6, இரவு 9.30

கேட்டவர்களுக்காக வந்தேன். கேப் போட்டாகிவிட்டது.

ஈறு ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அளவு எடுக்க நோன்பு திறந்த பிறகு மாலை நேரத்தில் வரச் சொன்னார்கள். லேபிலிருந்து வர ஆறு நாள். மாட்டிப் பார்த்தபோது பின் மூலையில் ஊசி இடறுகிறது என்று டாக்டரே திருப்பி அனுப்பிவிட்டு, புதிதாக அளவு எடுத்தார். லேப் தம்பி சொன்னது ஞாபகம் வந்தது, அதனால் நாங்கள் முணுமுணுக்கவில்லை. இரண்டாவது கேப் அழகாக உட்கார்ந்தது.

ஒட்டிய அன்றைக்கு எல்லாம் சரி. மறுநாள் காக்கா, "அந்தப் பல் முதலில் முட்டுகிறது, மற்றது அப்புறம்தான் சேருகிறது" என்றார். பழகிவிடும் என்று வாப்பா சொன்னார். நான் விடவில்லை, அழைத்துப் போனேன். நீலத் தாளைக் கடிக்க வைத்து, அழுத்தமாக மை பட்ட ஒரு புள்ளியை மட்டும் தேய்த்து, அதே இடத்தை மறுபடி பளபளப்பாக்கிவிட்டார். பத்து நிமிஷ வேலை. அதை விட்டிருந்தால் வேரைச் சுற்றி வலி வந்திருக்கும் என்றார்.

பெருநாள் முடிந்து கடல் தெளிந்ததும் இறங்கினார். முதல் நாள் இரண்டு பாகம், அடுத்த நாள் மூன்று, நேற்று ஐந்து. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. பெரியபட்டினத்து அப்பாவுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார். நண்டுக் காலை இப்போது அம்மிக் குழவியால் தட்டித்தான் உம்மா தட்டில் வைக்கிறார்.

டாக்டரம்மா, ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வாப்பாவுக்கு மேல் வரிசையில் ஒரு பல் மூன்று வருஷமாக உடைந்து கிடக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. நேற்று ராத்திரி டார்ச்சை என் கையில் கொடுத்து, வாயைத் திறந்து காட்டி, "இதில் எத்தனை மில்லி இருக்கு, பாரு" என்றார். நான் பார்த்தவரை கன்னத்துப் பக்கம் கொஞ்சம் நிற்கிறது, உள்பக்கம் ஈறோடு ஈறாக இருக்கிறது. சனிக்கிழமை அழைத்துப் போகிறேன். அவருக்குச் சர்க்கரையும் உண்டு. போவதற்கு முன்னால் ஏதாவது டெஸ்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டுமா?

பரமக்குடி பல் மருத்துவர் | ஏப்ரல் 6, இரவு 10.05

சர்க்கரை மாத்திரைகளை அன்றைக்கு நிறுத்தாமல், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு சமீபத்தில் எடுத்தது இருந்தால் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். ஈறில் கை வைக்க வேண்டியிருந்தால் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது போடுகிறாரா? போட்டால் நீங்களாக நிறுத்த வேண்டாம், பெயரை எழுதிக் கொண்டு போங்கள். மேல் பல் என்பதால் எக்ஸ்ரேயில் சைனஸ் எவ்வளவு நெருக்கம் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.